ஓமந்தூரார்: ஒரு பட்டாதாரர் நடத்திய ஆட்சி

சென்னை அண்ணா சாலையில் ஆட்டோ ஏறி "ஓமந்தூரார் ஆஸ்பத்திரி" என்றால் போதும், வழி சொல்ல வேண்டியதில்லை. தலைமைச் செயலகமாகவும் சட்டமன்றமாகவும் கட்டி 2010 மார்ச்சில் திறந்து, ஆட்சி மாறியதும் காலி செய்து, 2014இல் மருத்துவமனையாக்கிய அந்தப் பெரிய கட்டடம் இருக்கும் வளாகத்துக்குப் பெயர் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். பெயர் தினமும் வாயில் புழங்குகிறது. ஆள் யார் என்று கேட்டால்தான் யோசிக்கிறார்கள். தெரிந்தவர்களும் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "விவசாயி முதலமைச்சர், எளிமையானவர், ரொம்ப நேர்மை."

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எளிமைக் கதைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆளைப் படமாக மாட்டி மாலை போட்டுவிட்டு, அவர் செய்த வேலையைப் படத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். ஓமந்தூராரைப் பொறுத்தவரை அந்த ஒரு வரியில் கவனிக்க வேண்டிய சொல் "விவசாயி" என்பதுதான். எந்த மாதிரி விவசாயி? கூலிக்கு நாற்று நட்டவர் கிடையாது. ஜமீன்தாரும் கிடையாது. தன் பெயரில் பட்டா இருக்க, சர்க்காருக்கு நேராகக் கிஸ்தி கட்டிய ரயத்து. சென்னை மாகாணத்தை இரண்டு ஆண்டுகள் ஆண்டபோது அவர் எதையெல்லாம் உடைத்தார், எதைத் தொடாமல் விட்டார் என்பதை இந்த வரப்பில் நின்று பார்த்தால் நன்றாகவே தெரியும்.

ஓமந்தூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிற ஊர். அன்று தென்னார்க்காடு மாவட்டம், இன்று விழுப்புரம் மாவட்டம். ஏரிப் பாசனத்தில் நெல், கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக் கொஞ்சம் பயிர், மேட்டில் கம்பும் மல்லாட்டையும் என்று வாழ்ந்த பூமி. அங்கே 1895 பிப்ரவரி 1 அன்று பிறந்தவர் ராமசாமி ரெட்டியார். பெயருக்கு முன்னால் வரும் ஓ.பி. என்ற எழுத்துகளுக்கு ஓமந்தூர் பெரியவளவு என்று அர்த்தம். ஊரும் வீடும் சேர்ந்த முதலெழுத்து. பள்ளிப் படிப்பு திண்டிவனத்தில். காங்கிரஸில் சேர்ந்து, தென்னார்க்காட்டில் கட்சியை வளர்த்தவர்களில் ஒருவராகி, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய் வந்தார். இடையில் விவசாயத்தை விடவில்லை. வள்ளலார் மீது பெரும் பற்று, திருவண்ணாமலை ரமணரிடமும் பக்தி. அரசியலுக்கு வெளியே அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அது பின்னால் வேலைக்கு வரும்.

அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ராஜாஜி சேலத்தில் பெயர் பெற்ற வக்கீல். பிரகாசம் லண்டனில் படித்த பாரிஸ்டர். சென்னை அரசியல் அன்று கோர்ட்டு வளாகத்தில் விளைந்த அரசியல். அதில் ஒரு கிராமத்து ரெட்டியார் எப்படி வந்தார்?

கோஷ்டிச் சண்டையால்தான் வந்தார். அன்றைய மாகாணத்தில் தமிழ் மாவட்டங்கள், ஆந்திரம், மலபார், தென் கன்னடம் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. 1946 தேர்தலில் காங்கிரஸ் வென்றது. ராஜாஜி வரக்கூடாது என்பதில் காமராஜர் தரப்பும், தங்களில் ஒருவர் வர வேண்டும் என்பதில் தெலுங்கர்களும் குறியாக இருக்க, ஆந்திரத் தலைவர் பிரகாசம் பொறுப்பேற்றார். ஓராண்டு கூட நிற்கவில்லை. ஆந்திரக் காங்கிரஸிலேயே ஒரு பகுதியும் காமராஜர் தரப்பும் கைகோத்து அவரை இறக்கின. அடுத்து யார் என்ற கேள்வி வந்தபோது, எந்தக் கோஷ்டியிலும் முகம் சிவந்து நிற்காத, சொந்த ஆசை இல்லாத ஒரு பெயர் வேண்டியிருந்தது. காமராஜர் ஓமந்தூராரைப் பிடித்தார். அவர் உடனே சரி சொல்லவில்லை, தயங்கினார் என்றே பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். 1947 மார்ச் 23 அன்று பதவியேற்றார். அன்று அந்தப் பதவியின் பெயர் முதலமைச்சர் அல்ல, பிரதம மந்திரி. 1950 ஜனவரியில் குடியரசான பிறகுதான் மாறியது. ஆகஸ்ட் 15 விடிந்தபோது கவர்னர் மாளிகையில் ஆர்ச்சிபால்ட் நை என்ற ஆங்கிலேயர் இருந்தார், கோட்டையில் ஓமந்தூர் விவசாயி இருந்தார்.

அடுத்து அவர் கை வைத்தது ஜமீனில். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் "ஜமீன் ஒழிப்பு" என்று ஒரே சொல்லில் தாண்டிப் போகிறவர்களுக்கு அது என்ன ஒழிப்பு என்று பெரும்பாலும் தெரிவதில்லை.

மாகாணத்தில் நிலத்துக்கு இரண்டு பெரிய முறைகள் இருந்தன. ஒன்று ரயத்துவாரி. தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. சர்வே எண்ணுக்கு இவ்வளவு தீர்வை என்று அரசே விதிக்கும், பட்டா வைத்திருப்பவர் கர்ணத்திடமும் மணியக்காரரிடமும் கணக்குப் பார்த்துக் கட்டுவார், வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தியில் குறை சொல்லலாம். சுரண்டல் இல்லாத முறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தீர்வை கட்ட முடியாமல் நிலம் ஏலம் போன கதைகள் ஏராளம். ஆனாலும் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று ரயத்துக்குத் தெரியும்.

மற்றது ஜமீன். 1802ஆம் ஆண்டு நிரந்தர செட்டில்மெண்ட் ஒழுங்குமுறைப்படி, ஜமீன்தார் அரசுக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் என்றைக்கும் மாறாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மேலே கட்டுவது நிரந்தரம். கீழே வாங்குவது அப்படியில்லை. வாரப் பற்றான நிலத்தில், அதாவது விளைச்சலில் ஒரு பங்கை ஜமீனுக்கு வாரமாகக் கொடுக்கும் நிலத்தில், அறுவடை முடிந்து நெல் களத்தில் அம்பாரமாகக் கிடக்கும். ஜமீன் ஆள் வந்து பார்த்து, குவியல் மேல் குறி போட்டு, அளந்து தன் பங்கைப் பிரிக்காமல் ஒரு மரக்கால் நெல்லை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அவர் வர நான்கு நாள் ஆகலாம், அதற்குள் மழை வரலாம். வந்தவருக்குச் சோறு போட வேண்டும், கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். ஏரி மடை உடைந்தால் சரி செய்யும் பொறுப்பு ஜமீனுக்கு, செய்ய மாட்டார்கள். தண்ணீர் வராவிட்டாலும் வாரம் கேட்பார்கள். 1908இல் வந்த எஸ்டேட் நிலச் சட்டம் ரயத்துகளுக்கு நிலத்தை விட்டு வெளியேற்றப்படாமல் உழும் குடிவார உரிமை என்று ஒன்றை எழுத்தில் கொடுத்தது. அதை வாங்க வழக்குப் போட வேண்டும். வழக்குப் போடும் ரயத்துக்கு எதிரில் நிற்பவர் ராஜா.

காங்கிரஸ் 1937இல் முதல் முறை ஆட்சிக்கு வந்தபோதே பிரகாசம் தலைமையில் இதை விசாரிக்கக் குழு போட்டார்கள். அறிக்கையும் வந்தது. போர் வந்தது, மந்திரிசபை ராஜினாமா செய்தது, அறிக்கை அலமாரிக்குப் போனது. ஓமந்தூரார் அரசு அதைத் தூசி தட்டி எடுத்ததோடு, வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொண்டது. இந்த இரண்டு கட்ட யோசனையில்தான் ஒரு ரயத்தின் புத்தி தெரிகிறது என்பது என் எண்ணம்.

முதலில் 1947இல் வாரக் குறைப்புச் சட்டம். பக்கத்தில் இருக்கும் ரயத்துவாரி கிராமத்தில் அதே மாதிரி மண்ணுக்கு என்ன தீர்வையோ, அதோடு ஒப்பிட்டு ஜமீன் கிராமத்து வாரத்தையும் இறக்க வேண்டும். தனி அதிகாரி வந்து விகிதம் போடுவார். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்பது அநியாயம் என்று எந்த விவசாயிக்கும் தனியாக விளக்க வேண்டியதில்லை. சட்டத்தின் தர்க்கமே அந்த வரப்புதான்.

பிறகு 1948ஆம் ஆண்டு 26ஆம் எண் சட்டம். முழுப்பெயர் எஸ்டேட்டுகள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றும் சட்டம். பெயரின் பின்பாதியைப் பாருங்கள். ஒழித்தால் போதாது, எதுவாக மாற்றுவது என்பதையும் பெயரிலேயே எழுதியிருக்கிறார்கள். அரசு அறிவிக்கை போட்ட நாளில் ஜமீனின் உரிமைகள், ஏரி, காடு, புறம்போக்கு எல்லாம் அரசிடம் வந்துவிடும். ரயத்துக்கு 11ஆம் பிரிவின்படி ரயத்துவாரிப் பட்டா. ஜமீன்தாருக்கு அவருடைய சொந்தப் பண்ணை நிலத்துக்கு 12ஆம் பிரிவின்படி பட்டாவும், மற்றதற்கு இழப்பீடும். இழப்பீட்டில் ஒரு நுட்பம் வைத்தார்கள். எஸ்டேட்டின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு அதன் மடங்காகக் கொடுப்பது. சின்ன எஸ்டேட்டுக்கு 30 மடங்கு, பெரிதாகப் பெரிதாகக் குறைந்து, மிகப் பெரியதற்கு 12½ மடங்கு. எட்டயபுரமும் இதில் போனது. அந்த ஜமீனில் வேலை பார்த்துப் பிடிக்காமல் வெளியேறிய பாரதியின் பாடல் உரிமையை அரசே வாங்கிக்கொள்ளும் முடிவையும் 1949இல் இதே அரசு எடுத்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சரி, யாருக்கு எதுவும் கிடைக்கவில்லை?

ஜமீன் கிராமத்தில் ரயத்துக்குக் கீழே உள்குத்தகை எடுத்து உழுதவருக்கு. பண்ணையாளுக்கு. கூலிக்கு. சட்டம் மேலே இருந்த ஒரு படியை எடுத்தது, கீழே இருந்த படிகளைத் தொடவில்லை. தஞ்சாவூர் பக்கம் ஏற்கெனவே ரயத்துவாரிதான். அங்கே பட்டா வைத்திருந்த மிராசுதாருக்கும் அவரிடம் பண்ணையாளாகக் கிடந்த தலித் குடும்பத்துக்கும் நடுவில் இருந்த உறவில் 26ஆம் சட்டத்துக்கு வேலையே இல்லை. கீழத்தஞ்சையில் அந்தப் பண்ணையாட்களைத் திரட்டிய கம்யூனிஸ்டுகள் அதே 1948இல் சிறையில் இருந்தார்கள், அல்லது தலைமறைவாக. பண்ணையாளுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆக வேண்டியிருந்தது. அதற்குள் ராஜாஜி ஆட்சி வந்துவிட்டது.

இதை ஓமந்தூராரின் மனத்தில் இருந்த குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தச் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1946இல் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டுகிறவர், சொத்து உள்ளவர், ஓரளவு படித்தவர் என்று வடிகட்டிய வாக்காளர் பட்டியல். கிராமத்தில் ஓட்டு என்பது கிட்டத்தட்ட பட்டாவோடு வந்தது. பட்டாதாரர்கள் தேர்ந்தெடுத்த அவை, பட்டாதாரரைத் தலைவராக வைத்து, எல்லோரையும் பட்டாதாரராக்கும் சட்டத்தைப் போட்டது. பட்டாவுக்கே வழியில்லாதவன் அந்த அவையின் கண்ணுக்குத் தெரியவில்லை.

கோயில் விஷயத்தில் அவர் ஆட்சி இதைவிடத் தூரம் போனது. 1939இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த ஆலயப் பிரவேச ஏற்பாடு, கோயில் நிர்வாகம் சம்மதித்தால் திறக்கலாம் என்ற அளவில் நின்றது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. விலக்கி வைக்கப்பட்டவர்கள் மாகாணத்தின் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் போகலாம் என்று உரிமையாகவே எழுதியது. அதே ஆண்டு தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. முத்துலட்சுமி ரெட்டி 1920களின் கடைசியில் தொடங்கிய போராட்டம் அது. அதிலும் நிலம் இருக்கிறது, கவனித்தீர்களா? தாசிகளுக்குக் கோயில் ஊழியத்துக்காக இனாம் நிலம் விட்டிருந்தார்கள். பெண்ணுக்குப் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு விடாவிட்டால் நிலம் போய்விடும் என்பதே பல குடும்பங்களைக் கட்டிப்போட்ட கயிறு. 1929இல் முத்துலட்சுமி முயற்சியில் வந்த திருத்தம் நிலத்தையும் ஊழியத்தையும் பிரித்து அந்தக் கயிற்றை அறுத்தது. 1947 சட்டம் பொட்டுக் கட்டும் சடங்கையே மாகாணம் முழுக்கக் குற்றமாக்கியது.

இதற்கு இடையில் ஓர் அரசாணை. வகுப்புவாரி இடஒதுக்கீட்டு விகிதத்தை 1947இல் அவர் அரசு மாற்றி அமைத்தது. 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவருமாகச் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. பிராமணரல்லாதார் என்ற பெரிய மூட்டைக்குள் மேல்தட்டுச் சாதிகளே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கின்றன என்ற புகாருக்குப் பதிலாகப் 'பின்தங்கிய இந்துக்கள்' என்று தனியாக ஒரு கணக்கு அப்போதுதான் பிரிக்கப்பட்டது. இந்த ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1951 ஏப்ரலில் ஆணை செல்லாது என்று தீர்ப்பானது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி, டெல்லியில் நேரு அரசு, ஜூன் மாதத்துக்குள் அரசியலமைப்பின் முதல் திருத்தம். இன்று நாடு முழுவதும் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாகச் சொல்லப்படும் 15(4) பிரிவு அதில் வந்தது.

இந்த மாதிரி வேலைகளால் அவரை எதிர்ப்பாளர்கள் "தாடியில்லாத ராமசாமி" என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். தாடியுள்ள ராமசாமி ஈரோட்டில் இருந்தார் அல்லவா. ஆனால் அந்தப் பட்டம் பாதிதான் பொருந்தும். 1948இல் பெரியாரின் கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டதும் இதே அரசுதான். பள்ளிகளில் இந்தியைப் புகுத்த முனைந்து, திராவிடர் கழகத்தை மறியலுக்கு இழுத்து, ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டதும் இதே அரசுதான். அவர் சுயமரியாதைக்காரர் இல்லை. சன்மார்க்கத்தில் ஊறிய காங்கிரஸ்காரர். சாதிப் பாகுபாடு கூடாது என்பதை வள்ளலாரிடமிருந்து எடுத்துக்கொண்டார், மதுவிலக்கையும் கதரையும் காந்தியிடமிருந்து. 1937இல் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. கஜானாவுக்கு அது பெரிய அடி என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

இவ்வளவும் இரண்டே ஆண்டில். அப்புறம் ஏன் போனார்?

சொந்தக் கட்சிக்காரர்களுக்கு அவரை வைத்துக் குடித்தனம் நடத்த முடியவில்லை. எம்.எல்.ஏ. ஒருவர் தாசில்தார் மாற்றத்துக்கோ பர்மிட்டுக்கோ சிபாரிசு கொண்டுபோனால் அங்கே வேலை நடக்காது. ரேஷனும் கட்டுப்பாடும் இருந்த காலம் அது. அரிசி, சர்க்கரை, துணி, சிமெண்ட், பஸ் ரூட் எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்ட காலம். சுதந்திரத்துக்காகச் சிறைக்குப் போனவர் கையில் இப்போது ஒரு பர்மிட்டாவது இருக்கட்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர் அதிகாரிகளின் பக்கம் நிற்பது போலத் தெரிந்தது. நேர்மை என்று இன்று நாம் கொண்டாடுவதை அன்று கட்சிக்குள் பிடிவாதம் என்றார்கள். இரண்டும் இருந்திருக்கும். ஆளைப் பேசிச் சமாளிப்பது அரசியலில் பாதி வேலை. அதை அவர் வேலையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கொண்டுவந்த காமராஜரே கையை எடுத்துக்கொண்ட பிறகு கணக்கு முடிந்துவிட்டது. 1949 ஏப்ரல் 6 அன்று விலகினார். ராஜபாளையத்துக்காரரான குமாரசாமி ராஜா வந்தார்.

பதவி போன அரசியல்வாதிகள் வழக்கமாகச் செய்யும் எதையும் அவர் செய்யவில்லை. தனிக் கோஷ்டி கட்டிக்கொண்டு கோட்டையைச் சுற்றவில்லை. வடலூருக்குப் போனார். வள்ளலார் அடுப்பு மூட்டிய ஊரில் சுத்த சன்மார்க்க நிலையத்தை உருவாக்கி, பிள்ளைகள் படிப்பதற்கும் ஆதரவற்றவர்கள் தங்குவதற்கும் வழி செய்து, மிச்ச வாழ்க்கையின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். 1970 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். திரும்பிப் போக நிலமும் மடமும் உள்ள ஆளைப் பதவியைக் காட்டி யாரும் மிரட்ட முடியாது. அந்தச் சுதந்திரம்தான் அவருக்கு அந்தச் சட்டங்களைப் போடும் தைரியத்தைக் கொடுத்தது. கட்சிக்காரர்களைக் கொஞ்சம் அலட்சியமாகப் பார்க்கவும் அதுவே இடம் கொடுத்திருக்கும்.

26ஆம் சட்டத்துக்குக் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் 1949 ஏப்ரல் 2 அன்று கிடைத்தது, அவர் விலக நான்கு நாள் இருக்கும்போது. அரசிதழில் வந்தது ஏப்ரல் 19. அப்போது அவர் பதவியில் இல்லை. ராமநாதபுரம் உட்படப் பல ஜமீன்களை அரசு எடுத்துக்கொண்டது செப்டம்பர் 7 அன்று. சட்டத்துக்குள் வராத இனாம் கிராமங்கள் 1963 வரை காத்திருந்தன. அளந்து பட்டா கொடுக்கும் வேலை செட்டில்மெண்ட் அதிகாரிகளிடம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் பழைய நிலவழக்கு ஒன்றின் கட்டைப் பிரித்தால் இன்றும் அந்தத் தேதிகள் வரும். கண்மாய்க் கரை யாருடையது, இந்தக் காடு ஜமீனின் பண்ணையா பொதுப் புறம்போக்கா, இவர் கையில் இருக்கும் செட்டில்மெண்ட் பட்டா 11ஆம் பிரிவில் வந்ததா 12ஆம் பிரிவில் வந்ததா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். "இருபத்தாறு பார் நாற்பத்தெட்டு" என்று சட்டத்தின் எண்ணைச் சொன்னால் போதும், நீதிபதிக்குப் புரிந்துவிடும்.